கூரையில் ஒரு சதுர வெளிச்சம்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் அனுபவத்தை யார் கேட்டார்கள்? ஆனால் போஞ்சிச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் இலங்கையில் கண்டிக்கு மேலே, ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில்தான் என் அக்கா குடும்பம் இருக்கிறது. எனக்குக் கெலிஓயாவில் பூச்செடியும் பழக்கன்றும் விற்கிற நர்சரியில் வேலை. லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், வயிறாரச் சாப்பிடவும் அவள் மகளைச் சீண்டவும்.

மகள் நாலாம் வகுப்பு. சுற்றாடல் பாடத்துக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். இரண்டு யோகட் கோப்பைகளில் போஞ்சி விதை போட வேண்டும். ஒன்றை வெளிச்சத்தில் வைக்க வேண்டும், மற்றதை இருட்டில். எது எப்படி வருகிறது என்று கண்காட்சியில் காட்ட வேண்டும். அங்கே வரும் அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்ல இவளைத்தான் நிறுத்துவதாக டீச்சர் சொல்லியிருந்தார், செடி சரியாக வந்தால். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. வீட்டில் அடுப்பைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"வேர் தண்ணி குடிக்கும். தண்டு அத மேல கொண்டுபோகும். இலை வெளிச்சத்துல சாப்பாடு செய்யும்."

"இலை சமைக்குமா? அப்ப ஒங்கம்மாவுக்கு லீவு குடுத்துட்டு ரெண்டு இலைய அடுப்பில நிக்க வைப்போம்," என்றேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அதுதான் பள்ளிக்கூடம் ஒங்கள வேணாம்னுருச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் சட்டிக் கரண்டி கீழே விழுந்தது.

முதலில் போட்ட செடியை வாசலில் வைத்தார்கள். குரங்கு வந்து வேரோடு தின்றுவிட்டுக் கோப்பையைக் கூரையில் எறிந்துவிட்டுப் போனது. மறுபடி போட்டதை உள்ளேதான் வைக்க வேண்டியிருந்தது. அந்த லயம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம். இரண்டு பக்கமும் வேறு குடும்பங்கள். ஜன்னல் வைக்க இடமே கிடையாது. முன்கதவுக்கு எதிரேயும் மண்மேடு. இருட்டுச் செடியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள், வெளிச்சச் செடியைக் கதவோரம் வைத்தாள். அடுத்த தடவை நான் போனபோது இரண்டும் ஒரே மாதிரி வெளிறி, நூல் மாதிரி நீண்டு கிடந்தன.

"மாமா, இதுல எது வெளிச்சத்துச் செடின்னு எனக்கே தெரியல."

எனக்குக் கிண்டல் வரவில்லை. நர்சரியில் கூரை மாற்றியபோது கழித்துப் போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு ஒன்று கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் எல்லாரிடமும் திட்டு வாங்கிக் கொண்டுவந்தேன். கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினேன்.

காம்பராவின் நடுவில் சதுரமாக வெயில் விழுந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து அதில் கையை நீட்டிப் பார்த்தார்கள். அக்கா பகலில் லைட் போடாமல் அங்கேயே உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள். புதிதாகப் போட்ட விதையில் முளைத்த இலைகள் பச்சையாகவே வந்தன. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து முதலில் அதைத்தான் பார்க்குமாம்.

நான் அடுத்த தடவை போயிருந்த அன்று கணக்கப்பிள்ளை வந்தார். தோட்டத்தில் அக்கா மாதிரிக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர்.

"யாரக் கேட்டுடா தகரத்தக் கழட்டுன?"

"செடியக் கேட்டுத்தான் ஐயா. அதுதான் இருட்டா இருக்குன்னுச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "லயம் தோட்டத்துச் சொத்து. ஆணி அடிக்கிறதுன்னாலும் ஆபீஸ்ல கேக்கணும். இன்னைக்கே பழையபடி போடல, நாளைக்கு வேலைக்குன்னு மலைப் பக்கம் வராத."

"கண்காட்சி முடியிற மட்டும் இருக்கட்டும் ஐயா. செடிக்கு வெளிச்சம் வேணும்," என்றது பிள்ளை.

"வெளிய வை."

"கொரங்கு திங்குது ஐயா."

"அப்ப கொரங்குகிட்டப் பேசு."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "ஏறுடா, போடு," என்றாள். நான் தகரத்தை இழுத்து மூடும்வரை அக்கா அந்த வெயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவள் முகம் தெரியவில்லை.

கண்காட்சிக்கு நானும் போனேன். செடியில் கீழ் இலைகள் பச்சை, மேலே வந்ததெல்லாம் வெளிறிச் சாய்ந்திருந்தது. "கீழ உள்ளது வெளிச்சம் இருந்தப்ப வந்தது டீச்சர். மேல உள்ளது மூடுனப்புறம் வந்தது," என்று பிள்ளை சொன்னது. இதைவிடச் சரியாக யார் சொல்ல முடியும்?

"சரிதான் மகள். ஆனா வாறவங்களுக்குப் பாக்க அழகா இருக்கணும்ல," என்று தலையைத் தடவிவிட்டு டீச்சர் கோப்பைகளை மேசைக்கு அடியில் வைத்தார். டவுன் பக்கத்துக் கடைக்காரர் மகன் கொண்டுவந்த பச்சைச் செடி மேலே ஏறியது. விளக்கமும் அவனே சொன்னான். எங்கள் பிள்ளை வரிசைக் கடைசியில் நின்று, அவன் சொன்னது ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் கூடவே உதடு அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் ஏதோ கேலி பேசிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

"பேசாம வாங்க மாமா."

நர்சரிக்கு வருகிற கண்டி டவுன் அம்மாமார், இந்தச் செடிக்கு எந்த ஜன்னல் நல்லது, எவ்வளவு வெயில் வேணும் என்று விசாரிக்காமல் வாங்குவதே இல்லை. நானும் பணிவாகப் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வியில் பாதியைக்கூட அக்காவின் காம்பராவைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

இதை எழுதி முடித்ததும், நாவலப்பிட்டிப் பக்கத்து லயத்தில் பிறந்து என்னோடு நர்சரியில் வேலை செய்கிற கூட்டாளிக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"இருட்டுன்னு செடி வெளிறிக் காட்டிருச்சு மச்சான், நாமதான் அதுக்குப் பழகிட்டோம்."