தாளாளரின் காளையும் இரண்டாவது பெட்டியும்

ஆலங்குடி போகிற ரோட்டில் ஒரு கல்லூரிக்கு நான்தான் நெட்வொர்க் பார்க்கிறேன். சம்பளத்து ஆள் இல்லை. கூப்பிட்டால் ஸ்கூட்டியில் போகிற ஆள். அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். வேண்டுமென்றே செய்தேன். இன்றுவரை அதற்காக வருத்தப்படவில்லை.

அந்தக் கல்லூரி இணையவழி நுழைவுத் தேர்வுகளுக்கு மையம். ஒரு வருடம் தேர்வின் நடுவில் ரௌட்டர் படுத்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரும் வெளியே போக வழிவிடுகிற பெட்டி அது. அது படுத்தால் லேப்பில் உள்ள அறுபது திரையும் நிற்கும். நின்றது. மட்டமான பெட்டியை வாங்கியது நிர்வாகம், ஏச்சு வாங்கியது லேப் பொறுப்பில் இருந்த மேடம். இன்னொரு முறை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த மேடம் தாளாளரின் கார் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பார்.

"ஏதாச்சும் பண்ணு ஆத்தா" என்றார் என்னிடம்.

இரண்டு பெட்டி வாங்க வைத்தேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் விலாசம் மாதிரி ஒரு எண் உண்டு. கம்ப்யூட்டர்களிடம் எந்தப் பெட்டியின் சொந்த எண்ணையும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது எண் ஒன்றை வைத்து அதைச் சொல்ல வேண்டும். முதல் பெட்டி உயிரோடு இருக்கும்வரை அந்த எண்ணுக்கு அது பதில் சொல்லும். செத்தால் அடுத்த பெட்டி பதில் சொல்லும். ஹெட்மாஸ்டர் லீவு போட்டால் இன்னொரு வாத்தியார் 'பொறுப்பு' என்று போட்டுக் கையெழுத்துப் போடுவதில்லையா, அதுதான்.

தாளாளர் பார்க்க வந்தார். "செஞ்சு காட்டும்மா."

முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். ஒரு திரையும் நிற்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப இது இல்லாமலே ஓடுது" என்றார்.

"ஆமா சார்."

"அப்பறம் இது எதுக்கு?"

வயரைத் திரும்பச் செருகிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கிக் காட்டினேன். அப்போதும் ஓடியது.

"அது இல்லாமலும் ஓடுது. ஏம்மா, ஒண்ணு போதும்னு நீயே ரெண்டு தடவ நிரூபிச்சுட்டியே. இன்னொண்ண நம்ம அன்னவாசல் ஸ்கூலுக்கு அனுப்பிருவோம். திங்கக்கெழம வண்டி வரும், கழட்டி வையி."

"உங்க கார்ல ஸ்டெப்னி எதுக்கு சார் வச்சிருக்கீங்க?"

"டயரு பஞ்சராகும். பெட்டி எங்கம்மா பஞ்சராகப் போகுது?"

போன வருடம் ஆனது. அதற்குத்தான் மேடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதை அவர் மறந்துவிட்டார். மேடம் மறக்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றார். அடுத்த தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. எனக்கு மண்டை கொதித்தது.

தாளாளர் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருந்தார். கல்லூரி விழாவுக்கு ஒரு பேனர் வைத்தால் காளைக்கு நான்கு வைப்பார். ஆனால் பிரஷர் ஏறுகிறது, வாடிவாசல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தன் ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நேரலை பார்ப்பார். அந்தக் கட்டடத்துக்குள் போன் சிக்னல் எடுக்காது. அந்தச் சனிக்கிழமை காளை இறங்க இருந்தது.

காலையிலேயே போனேன். "இன்னிக்கு மாடு எறங்குதுல்ல சார். விட்டு விட்டு வராம இருக்க ஒரு தடவ செக் பண்ணிடுறேன்."

"நல்ல புள்ள" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவர் கம்ப்யூட்டரில் மட்டும் பொது எண்ணை எடுத்துவிட்டு முதல் பெட்டியின் சொந்த எண்ணைப் போட்டேன். அவ்வளவுதான். இனி அவருக்கு அந்த ஒரு பெட்டிதான் கதி.

லேப்பில் மேடமும் அதே நேரலையைத் திறந்து வைத்திருந்தார். பெட்டி இருந்த அலமாரி ஓரமாக நான் நின்றேன்.

"வேணாம் ஆத்தா. பிரஷர் ஏறி ஏதாச்சும் ஆயிட்டா?"

"மாத்திர போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

மைக்கில் மாட்டுக்காரர் என்று தாளாளரின் பேரும் ஊரும் சொன்னார்கள். முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். மேடத்தின் திரை ஒரு நொடி தயங்கி மறுபடி ஓடியது. எதிர் ரூமிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே, வேட்டியை மடித்துக் கட்டியபடி, ஆளும் வந்தார்.

"எவன்டா நெட்ட..." என்று ஆரம்பித்தவர் மேடத்தின் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். "இங்க ஓடுது?"

"ஓடுது சார்."

"எனக்கு ஏன் நின்னுச்சு?"

"மொதப் பெட்டி போயிருச்சு சார். லேப்புக்கு ரெண்டாவது இருக்கு. உங்க ரூமுக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

என்னை முறைத்தார். கோபத்தைவிடக் காளை முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். "மாடு என்னாச்சு?" என்று மேடத்திடம் கேட்டார்.

"ஒருத்தனையும் கிட்ட விடல சார். பரிசு பீரோ நமக்குத்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருப்பிப் போடச் சொல்லி மூன்று முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பஞ்சராகுந்தான் போல" என்றார். "வண்டிய வர வேணாம்னு சொல்லிரு. என் ரூமுக்கும் ரெண்டாக்கு."

ஒரு எண்ணை மாற்ற அரை நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு மாற்றினேன்.

தேர்வு நாளில் நானும் லேப்பில் இருந்தேன். அறுபது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேர்வுக் கண்காணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு தாளாளர் உள்ளே வந்தார். "நம்ம காலேஜ்ல ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன், பாருங்க" என்று நேராக அலமாரிக்குப் போனார். நான் எட்டிப் பிடிப்பதற்குள் முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

மேடம் வெளுத்துப் போனார். நான் திரைகளைப் பார்த்தேன். ஒரு தலையும் நிமிரவில்லை. மவுஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் தாடையைச் சொறிந்தார். "இது இல்லாமலே ஓடுதே சார். அப்பறம் இது எதுக்கு?"

தாளாளருக்கு முகம் சிவந்தது. "உங்க கார்ல ஸ்டெப்னி எதுக்குய்யா வச்சிருக்கீங்க?"

மேடம் நடந்து வந்தார். தாளாளர் கையிலிருந்து வயரை வாங்கினார்.

"சார், பரீட்ச நடக்குது. வெளிய போங்க."

போனார்.