அறை வெப்பநிலை

யானைக்கால் புழுவைக் கொல்லக்கூடிய ஒரு மருந்துச் சேர்மத்தின் காப்புரிமையை எங்கள் நிறுவனம் இலவசமாகப் பகிர்ந்துகொண்ட அன்று, ஹைதராபாத் மல்லாபூர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அந்தச் சேர்மத்தை முதலில் செய்தவன் என்ற உரிமையில் நான் இரண்டு தின்றேன். மேற்கொண்டு அதை மருந்தாக வளர்க்கும் வேலை ஐரோப்பாவில் லாபநோக்கில்லாத ஓர் ஆய்வகத்துக்குப் போயிற்று.

எட்டு மாதம் கழித்து அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. எத்தனை முறை செய்தாலும் பொடி வரவில்லை, பிசின்தான் வருகிறது. அடுத்த வாரக் கூட்டத்திலும் வழி தெரியாவிட்டால் கைவிட்டுவிடப் போகிறார்களாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹப்சிகுடா வீட்டில் சாப்பாட்டின் நடுவே எழுந்து எழுந்து நடந்தேன். “நான்னா, கூர்ச்சோ!” என்று மகள் தெலுங்கில் அதட்டி உட்கார வைத்தாள். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் முதல் வேலையாக என் பழைய ஆய்வக நோட்டைப் புரட்டினேன். மே மாதம். ஏ.சி. பழுது. ‘ஆர்.டி.யில் கலக்கவும்’ என்று எழுதியிருந்தேன்; அறை வெப்பநிலை என்று பொருள். ஓரத்தில் பென்சிலால் 39 என்று கிறுக்கி, வெயிலைத் திட்டி ஒரு வார்த்தையும் எழுதியிருந்தேன். காப்புரிமைக்குள் போனது அந்த ‘ஆர்.டி.’ மட்டும்தான். அறை என்றால் நம் அறைதானே என்று நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதுவோம். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

நோட்டை அவர்களுக்கு அனுப்பலாமா என்று சட்டப் பிரிவு அதிகாரியைக் கேட்டேன்; அவர் ஹைதராபாத்காரர். “நோட்புக் நக்கோ! பேட்டன்ட் தே தியே, பஸ்” என்று ஊர் உருதுவில் மறுத்தார். காப்புரிமையைக் கொடுத்தாயிற்று, அது போதும், செய்முறை நோட்டு ஒப்பந்தத்தில் இல்லை, மேலிடத்து அனுமதிக்கு மூன்று மாதமாவது ஆகும் என்று விளக்கினார். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று காணொளிக் கூட்டத்தில் என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் முடியப்போகும் நேரத்தில், அங்கே ரொம்பக் குளிரா என்று அந்த ஊர் வேதியியலாளரிடம் கேட்டேன். வெளியே பனி கொட்டுகிறது, ஆய்வகத்துக்குள் இருபது டிகிரிதான் என்று அவர் சிரித்தார். எங்களுக்கு மே மாதத்தில் ஆய்வகத்துக்குள்ளேயே முப்பத்தொன்பது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. பேனாவைத் தேடி எடுத்தார்.

அதிகாரி ஒலியை அணைத்துவிட்டு, “கைக்கு போலே? எதுக்குச் சொன்னீங்க?” என்று பாய்ந்தார். வெயிலைப் பற்றித்தான் பேசினேன் என்று சாதித்துவிட்டேன்.

பத்து நாளில் வெள்ளைப் பொடியின் படம் வந்தது. பெருமை தாங்காமல் ஆய்வகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடுவை கழுவும் அக்காவிடமும் சொன்னேன். இந்த ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். யானைக்காலால் வீங்கிய இடது காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“ஹவ்? அப்படியா? அப்ப ஒரு நம்பர் எழுதாததுக்கா எட்டு மாசம் போச்சு, தம்பி?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.