ரஷீதா அக்கா கூட நின்ற வரிசை

அன்று காலை செய்தி வந்தபோது, எங்கள் மருத்துவமனையில் ரஷீதா அக்காவின் காப்பீட்டுக் கவுண்டர் முன்னால் ஆட்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு, பூந்தமல்லி வீட்டில், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று போனில் சொன்னார்கள். அவரோடு அதிகம் பழகியவள் நான் என்பதால், குழந்தைகள் பிரிவிலிருந்து என்னைத்தான் சொல்ல அனுப்பினார்கள். நான் சொன்னதைக் கேட்டதும், மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், “அப்ப எங்க பேப்பர் இன்னா ஆவும் சிஸ்டர்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா இருந்திருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பார். “செத்தவளுக்கு இன்னா அவசரம், மொதல்ல பேப்பர பாருடி” என்று என்னை விரட்டியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், தங்கமான மனுஷி என்று ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிட முடியாது. வாய் நீளம். காலையில் யாரோடாவது சண்டை போடாவிட்டால் அவருக்கு டீ இறங்காது. என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, “இன்னாடி இது, பேஷன்ட் சாப்பாடா?” என்று கேட்பார். அப்புறம் முழுவதையும் அவரே சாப்பிடுவார். பொய்யும் கூசாமல் சொல்வார். சிகிச்சைக்கு ஒப்புதல் வரத் தாமதமானால் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு, “டாக்டர் பேசறேன்” என்பார். ஒருநாள் எங்கள் பெரிய டாக்டரே பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டார். அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு, “கொஞ்சம் இருங்க சார், டாக்டர் பேசிகினு கீறேன்” என்றார். டாக்டர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நாங்கள் சிரித்து முடிக்க மத்தியானம் ஆனது.

அந்த கவுண்டரில் பெரும்பாலும் வரும் தகராறு ஒன்றுதான். பெற்றவர்களிடம் அரசு காப்பீட்டு அட்டை இருக்கும், ஆனால் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்காது. கார்டில் பெயர் ஏறினால்தான் காப்பீட்டுக்கு அது அந்தக் குடும்பத்தின் பிள்ளை. பத்து மாதம் சுமந்து பெற்றது கணக்கில் வராது. சில வீடுகளில் பெண்ணின் பெயரே இன்னும் அம்மா வீட்டுக் கார்டில் இருக்கும், புருஷன் வீட்டுக் கார்டுக்கு வந்திருக்காது. பிள்ளை இரண்டிலும் இல்லாமல் நடுவில் நிற்கும். சோம்பேறித்தனம் என்று நாங்கள் எல்லோரும் திட்டுவோம். ஊரையே திட்டும் அக்கா அதற்கு மட்டும் யாரையும் திட்டியதில்லை. “பேரு ஏத்தாத ஊட்ல ஒரு கதை கீதுடி. மொதல்ல கதைய கேளு, அப்பறம் பேப்பர கேளு” என்பார்.

முருகேசன் வந்தபோதும் அப்படித்தான் கேட்டார். மண்ணூர்பேட்டையில் குடியிருந்துகொண்டு தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுபவர். ஒன்றரை வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. பால் குடிக்கவே மூச்சு வாங்கியது, எடை ஏறவே இல்லை. நுரையீரல் கெடுவதற்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீடு இல்லாமல் அந்தச் செலவை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் கார்டில் பிள்ளையின் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. உண்மையில் பிள்ளைக்குப் பெயரே வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“மொதல்ல ஒரு பேரு வையி நைனா. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார் அக்கா.

“அது மட்டும் வோணாம் மேடம்.”

எனக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அக்கா என் கையை அழுத்தினார். முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இதுக்கு முன்ன ரெண்டு போயிடுச்சு மேடம். ரெண்டுக்கும் பொறந்த கையோட பேரு வச்சு, கார்டுல ஏத்தினேன். அப்பறம் அதே ஆபீஸ்ல, அதே க்யூல நின்னு, பேர எடுத்துடுங்கன்னு நானே எழுதிக் குடுத்தேன். இன்னொருவாட்டி என்னால நிக்க முடியாது. அதான் இத பேரு இல்லாமலே இம்மாந்தூரம் கொண்டாந்துகீறோம்.”

அக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, “அதுங்க ரெண்டு பேரும் யாரு? பேரு சொல்லு” என்று கேட்டார். முருகேசனின் மனைவி செல்விதான் சொன்னாள். “யாழினி. அடுத்தவன் தருண்.” வெகுகாலமாக யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அக்கா அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை தன் வாயால் சொன்னார்.

அப்புறம்தான் தன் குணத்துக்குத் திரும்பினார். “எமனுக்கு இவ பேரு தெரியக்கூடாதுன்றே. சரி, நியாயந்தான். ஆனா கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சாவணும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரையா குடுக்கணும்? கார்டுக்கு ஒண்ணு குடு. ஆசைப்பட்ட பேர ஊட்ல வச்சுக்கோ.”

செல்வி முதல்முறையாக நிமிர்ந்தாள். “குப்பம்மான்னு குடுங்கக்கா” என்றாள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்பதுபோல் அப்படிப் பெயர் வைப்பது பழைய வழக்கம். செல்வியின் அத்தை ஒருவருக்கும் அதே பெயர்தானாம், பேரன் பேத்தி எடுத்துவிட்டாராம்.

பெயர் கிடைத்த பிறகும் முருகேசன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருடைய பயம் பெயரைவிட அந்த வரிசையில்தான் இருந்தது. “எழுந்திரு, நானும் கூட வரேன்” என்று சொல்லி அக்கா துப்பட்டாவைச் சரிசெய்தார். கவுண்டரை என் தலையில் கட்டிவிட்டு, முருகேசனின் பைக்கில் பின்னால் ஏறிப் போய்விட்டார். சான்றிதழில் பெயர் பதிய ஓரிடம், கார்டில் ஏற்ற ஓரிடம் என்று அடுத்த நாளும் போனார். வரிசையில் முன்னால் நின்றவர்களிடமெல்லாம் சண்டை வளர்த்தாராம். அந்தச் சண்டைகளை விலக்கிவிடுவதிலேயே பொழுது போய்விட்டது, தனக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்று முருகேசன் பிறகு சொன்னார்.

பெயர் ஏறியது, ஒப்புதலும் வந்தது. அறுவை அரங்குக்குள் கொண்டுபோகும் முன் பிள்ளையின் பெயரைப் பெற்றவர் வாயாலேயே சொல்லச் சொல்வது எங்கள் முறை. நான் கேட்டதும் முருகேசன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். மெல்ல, “குப்பம்மா” என்றார். “சத்தமா சொல்லு, எவன் வேணா கேக்கட்டும்” என்றார் பக்கத்தில் நின்ற அக்கா. குப்பம்மா பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியவில்லை என்று செல்வி அலுத்துக்கொள்கிறாள். வீட்டில் என்ன பெயர் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அக்கா போய்ச் சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முருகேசனும் வந்திருந்தார். அக்காவின் கணவர் பஷீர் பாய் அதிகம் பேசாதவர். இருபது வருஷமாக வீட்டில் பேசும் வேலையை அக்காவே பார்த்துக்கொண்டார். டீ கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தவர், மெதுவாக ஆரம்பித்தார். “கார்டுலேர்ந்து அவ பேர எடுக்கணுமாம்மா. பொண்ணு சொல்லிகினே கீது. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிகினு கீறேன். எத்தினி புள்ளைங்க பேர ஏத்தினவ. அவ பேர எடுங்கன்னு நான் எப்பிடிப் போயி சொல்றது?”

முருகேசன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நான் கூட வரேன் பாய்” என்றார். “அந்த க்யூல ஒத்த ஆளா நிக்கக்கூடாது.”

மறுநாள் நாங்கள் மூவரும் போனோம். பாய் எழுதிக் கொடுத்தார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து சாலையோரம் நின்றபோது மூன்று பேருமே அழுதோம். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது மூன்று பெயர்கள். யாழினி, தருண், ரஷீதா. இனி எந்தக் கார்டிலும் இவர்கள் இல்லை. யாராவது கேட்டால் நான் சொல்வேன்.