கால் படாத இடம்

எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் முன்னால், ஒரு பை மட்டும் தனியாக இருக்கிறது. செடி வளர்க்க வாங்கிய பச்சைப் பை. அதில் இப்போது செடி இல்லை. மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த என் கணவர், இதை ஏன் வைத்திருக்கிறாய், தென்னை மரத்து மூட்டில் கொட்டிவிடு என்றார். நான் கொட்டவில்லை. அந்த உப்பு என் நாத்தனாரின் கையிலிருந்து விழுந்தது.

அவர் என் கணவரின் அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லை என்பதைச் சொல்லிக் காட்டியே புகுந்த வீட்டில் ஓட்டிய ஓட்டத்தில், ஒரு நாள் ஒற்றைப் பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். அப்போது எனக்கு ஏழாம் மாதம். பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகளை முதலில் கையில் வாங்கியது அவர்தான். குளிப்பாட்டியது, காலில் போட்டுத் தூங்க வைத்தது எல்லாம் அவர்தான். “மக்ளே, ஒனக்கு ரெண்டு அம்ம. ஒண்ணு படிச்ச அம்ம, ஒண்ணு சும்மா அம்ம” என்று அதன் காதில் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அதோடு பசியும் போனது. கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். நான் கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன், போனில் படம் காட்டினேன், ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கூடப் புகட்டினேன். அத்தனையும் என் மடியிலேயே திரும்பி வந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அந்தக் குழாயை நான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கே தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு. மேஜையில் மைனியின் மடியில் இருந்த மகள், அவர் தட்டிலிருந்து மெல்லிய பச்சைத் தண்டு ஒன்றை எடுத்தாள். நுனியில் சின்னப் பூங்கொத்து மாதிரித் தலை. வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். பரிமாறியவரிடம் பெயர் கேட்டேன். பேபி ப்ரோக்கோலி என்றார்.

மறுநாளே தேட ஆரம்பித்தேன். கடைகளில் பெரிய ப்ரோக்கோலிதான் இருந்தது; அதை வேகவைத்துக் கொடுத்தால் துப்பினாள். கடைசியில் தக்கலைப் பக்கம் ஒரு நர்சரிக்காரர், மலையிலிருந்து நாற்று வரவழைத்துத் தருகிறேன், மார்கழிக் குளிரில் வைத்தால் பிழைக்கலாம், வெயில் ஏறினால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். குழித்தட்டில் விரல் நீள நாற்றுகள் ஐந்து வந்தன. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

சாணிப் பொடியும் மண்ணும் கலந்து பைகளை நிரப்பி, நான்கைத் தொட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். ஐந்தாவதற்கு இடமில்லாமல் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம் ஒடுக்கி வைத்தேன். உச்சி வெயிலுக்கு என் கணவரின் பழைய கைலிச் சாரத்தை மேலே கட்டினேன். மைனி அண்ணாந்து பார்த்தார். “என்னட்டி, மகாராசாவுக்குக் குடை பிடிக்கியா? பத்மநாபபுரம் அரமனைல கூட இந்த மரியாத இருந்திருக்காது, கேட்டியா?” என்று சிரித்தார். ஆனால் இலையைப் புரட்டிப் பச்சைப் புழு பொறுக்க என்னோடு குனிந்து நின்றதும் அவர்தான்.

இலைகள் நீலம் பாய்ந்த பச்சையில் விரிந்துகொண்டிருந்த நாளில் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார். குழந்தை சாப்பிடும்போது யாராவது ஏக்கத்தோடு பார்த்தால் அந்தச் சோறு உடம்பில் ஒட்டாது, பிறகு சோறே வெறுத்துப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். கொதி விழுந்தது என்பார்கள். சித்தி மகளின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கொதியேதான். வெளியாளு கண்ணுன்னா ஓதிப் போட்டா போயிரும். ஏங்குன கண்ணு வீட்டுக்குள்ளயே இருந்தா என்ன செய்ய?” என்றார். அடுக்களையில் மைனி தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு மகளுக்கு நான் சோறு எடுத்தால் மைனி எழுந்து வெளியே போய்விடுவார். துணி காயப் போட வேண்டும், கோழிக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வார். மகள் அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பாள்.

செடிகள் வாடத் தொடங்கியதும் அப்போதுதான். இலை ஓரம் தீயில் காட்டிய காகிதம்போலக் கருகியது. தண்ணீர் போதவில்லையோ என்று கூட ஊற்றினேன்; பிறகு அதிகமோ என்று பயந்து நிறுத்தினேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். பை ஓரத்தில் வெள்ளைப் படிவம் கண்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒன்று சாய்ந்தது, பிறகு இன்னொன்று. செடி சாயும்போதெல்லாம் அந்தக் குழாய் என் மகளின் மூக்கை நெருங்கி வந்தது.

ஒரு நாள் நண்பகலில் துணி எடுக்க மாடி ஏறினேன். மைனி பைகளுக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் டம்ளரிலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. டம்ளரின் அடியில் கரையாத கல்லுப்பு.

“என்ன மைனி இது?”

அவர் திடுக்கிடவில்லை. “பிள்ளய சுத்துன உப்புட்டி. கரச்சு, கால் படாத எடத்துல ஊத்தணும்லா. கீழ எங்க ஊத்தினாலும் ஆளு சவிட்டும். பைக்குள்ள யாரு சவிட்டப் போறா?” பிறகு, டம்ளரைப் பார்த்தபடியே, “எங்கண்ணுதான். வேற யாரு கண்ணு? ஆஸ்பத்திரில வாங்குன அன்னைக்கே நான் ஏங்கிட்டேன்லா” என்றார்.

நான் படித்தவள். கண்ணும் கொதியும் பொய் என்று சொல்லத் தெரியும். ஆனால் கருகிய செடிகளுக்கு நடுவே என் வாயில் வந்தது ஒன்றுதான்: “உப்பு செடியக் கொல்லும் மைனி.” அவர் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். “அப்போ இதையும் நான்தான்” என்றார்.

அந்த வாரமே மார்த்தாண்டத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குப் போய்விட்டார். என் கணவர் போனில் எவ்வளவோ சொன்னார். “கொஞ்ச நாளு மாறி இருக்கேன்டே. பிள்ள தின்னட்டும்” என்பதே பதில்.

பிள்ளை தின்னவில்லை. தொட்டிக்குப் பின்னால் இருந்த செடி மட்டும், அவர் கை எட்டாததால், பிழைத்தது. நடுவில் எலுமிச்சை அளவு தலை வந்தது. அதைச் சிறிதாக இருக்கும்போதே வெட்டினால்தான் பக்கத்திலிருந்து மெல்லிய தண்டுகள் கிளம்பும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். இருப்பது ஒன்று, வெட்டி, அதுவும் பட்டுப்போனால்? கத்தியோடு ஏறுவேன், இறங்குவேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். ஆவியில் வேகவைத்து, ஊதி, மகளிடம் நீட்டினேன். உதடு இறுகியது. தரையில் உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.

பக்கத் தண்டுகள் வந்தன. அவற்றைப் பறிக்கும்போதுதான் அந்த மேஜை ஞாபகம் வந்தது. அன்று அவளுக்கு யாரும் ஊட்டவில்லை. அவள் எடுத்தது மைனியின் தட்டிலிருந்து.

தண்டுகளை வதக்கி டிபன் பாக்ஸில் வைத்து, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மார்த்தாண்டம் பஸ் ஏறினேன். விடுதி முற்றத்தில் மைனி எங்களைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “பிள்ளயக் கொண்டு போட்டி. நான் பாக்க மாட்டேன்.” நான் அவரை பெஞ்சில் உட்கார வைத்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்தேன். “பிள்ளைக்கு இல்ல. நீங்க தின்னுங்க மைனி.” சுவரைப் பார்த்தபடி ஒன்றை எடுத்து மென்றார். “உப்பே போடலியாட்டி?” என்றார்.

மகள் என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். தள்ளாடிப் போய், அவர் மடியில் சாய்ந்து, பாக்ஸுக்குள் கை விட்டாள். மைனி அதை உணர்ந்த கணமே கண்களை இறுக மூடிக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மென்றாள். அவர் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. இமைக்குக் கீழே தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. “தின்னுதாளாட்டி? தின்னுதாளா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். மைனி கண்ணை மூடிக்கொள்ள, மகள் அங்கே கொஞ்சம் சாப்பிடுகிறாள். வீட்டில் இன்னும் போராட்டம்தான். டாக்டர் குழாயைப் பற்றிய பேச்சை விடவில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். “பிள்ள தேறட்டும், வாறேன்” என்கிறார். அவர் வந்தால்தான் தேறுவாள் என்று சொன்னால், கண்ணைத் திறக்காமல் சிரிக்கிறார்.

இந்த மார்கழிக்கும் நாற்று சொல்லியிருக்கிறேன். பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிது போடலாம். ஆனால் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீர் ஊற்றி, அடியில் வடிய விட்டால் உப்பு இறங்கிவிடும் என்று நர்சரிக்காரர் சொன்னார். அதனால் காலையில் மாடி ஏறியதும் முதலில் அந்த வெறும் பைக்குத்தான் ஊற்றுகிறேன். அந்த மண்ணில் ஒரு செடியாவது பிழைத்தால், மைனியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஊற்றியவுடன் மண் கறுத்து, நன்றாகத்தான் தெரிகிறது. வெயில் ஏறியதும் போய்ப் பார்க்கிறேன். வெள்ளை மறுபடியும் பூத்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறேன். இன்னும் கரிக்கிறது.