முத்திரை இல்லாத கிண்ணம்

கியோத்தோ நகரின் கோஜோ சரிவில், ஃபுசாயேயின் வேலை கிண்ணங்களுக்கு வண்ணம் தீட்டுவது. கணவர் தோக்குசோ வனைவார், இவள் வரைவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதே ஊரில் முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த நின்செய் என்ற குயவரின் பாணியில் தேநீர்க் கிண்ணங்கள் செய்தார்கள். நிலா, பிளம் பூ, உள்விளிம்பில் பொன் மேகம். பார்த்துச் செய்ததை மறைப்பதில்லை. பெட்டி மூடியில் 'நின்செய் பாணி' என்று எழுதிவிடுவார்கள். களிமண் காயும் முன்பே தோக்குசோ அடியில் தன் முத்திரையைக் குத்துவார். தேநீர் விருந்தில் குடித்து முடித்தவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

1958 பிப்ரவரியில் சக்கரத்தின் பக்கத்திலேயே தோக்குசோ விழுந்து இறந்தார். அவருடைய கடைசிக் கிண்ணம் பொதுச் சூளையில் சுட்டு மார்ச்சில் வந்தது. வரைவதற்கு முன் ஃபுசாயே அதைக் கவிழ்த்தாள். அடி வெறுமையாக இருந்தது. முத்திரை குத்த மறந்திருக்கிறார். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தூரிகையை நனைத்து நிலாவை வரைய ஆரம்பித்தாள்.

முத்திரை இல்லாததை உடைத்துவிடுவது அந்தச் சரிவின் வழக்கம். விட்டால் எவனாவது பழசு என்று விற்றுவிடுவான். சுட்ட மண்ணில் முத்திரையும் பதியாது; வண்ணத்தில் பெயர் எழுதினால் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

வண்ணம் பிடிக்க மறுபடி சூளையில் சுட்டு முடிந்ததும் பழம்பொருள் வியாபாரி யோஷிமினே வந்தான்.

"அண்ணி, அடியில ஒண்ணுமே இல்லையே!" குரலைத் தாழ்த்தினான். "உடைச்சுடாதீங்க. என்கிட்ட குடுங்க. பொய் சொல்ல மாட்டேன். வாயையே திறக்க மாட்டேன், அவ்வளவுதான்."

"நீ வாயத் திறக்கலன்னா வாங்கறவன் நின்செய் செஞ்சதுன்னு நினைப்பான்."

"நினைச்சா அண்ணனுக்குப் பெருமைதானே?"

"அவருக்குன்னு ஒரு பேரு இருக்கு தம்பி."

"அப்ப உடைக்கப் போறீங்களா?"

மூலையில் இருந்த சுத்தியலைப் பார்த்தாள். அதை எடுக்கக் கை எழவில்லை. "நாளைக்கு வா."

மறுநாள் மதியம் அவன் வந்தபோது ஃபுசாயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே கிண்ணத்தில் ஆறின சோறு, மேலே சூடான தேநீர், உப்பில் ஊறிய டர்னிப் கிழங்கு. சாப்பிடும் குச்சிகள் உரசி உள்விளிம்பின் பொன் மேகத்தில் கீறல் விழுந்திருந்தது. மெருகுப் பூச்சின் மெல்லிய வெடிப்புகளில் ஊறுகாய்த் தண்ணீர் இறங்கியிருந்தது. புதுக் கீறலோடு ஊறுகாய் வாடை அடிக்கும் அதை இனி யாரும் நின்செய் கிண்ணம் என்று விற்க முடியாது.

"ஐயையோ அண்ணி! தங்கக் கிண்ணத்துல பழைய சோறா!"

"சோறுதான் பழசு. கிண்ணம் புதுசு."

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டு, அவளெதிரே உட்கார்ந்தான்.

"ருசியாவாவது இருக்கா?"

"தெரியல. அவர் போனதுலேர்ந்து எதுவும் தெரியல."

கடைசிப் பருக்கை வரை தின்று, கிண்ணத்தைக் கழுவினாள். அலமாரியில் தோக்குசோவின் சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் மதியமும் அதிலேயே சாப்பிட்டாள்.