படகடியில் நின்று பொறுக்கியது

எங்க அக்கா புருஷனுக்கு வீட்டுல பேரு மாமா. ஃபோன்ல பேரு கிரில் மன்னன். அந்தப் பேரை வேற யாரும் வைக்கலை, அவரே வெச்சுக்கிட்டாரு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனியில ஸ்டோர் ரூம் சாவியை இடுப்புல மாட்டிக்கிட்டு, ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரே நாற்காலியைத் தேய்ச்ச மனுஷன். சொந்தமா ஒரு டீ போட்டுக் குடிச்சு நான் பார்த்ததில்லை. மன்னனாம்.

நான் அவங்க வீட்டுக்கு நேர் கீழே தையல் கடை வெச்சிருக்கேன். மேல என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும். இதெல்லாம் வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நினைச்சாலும் சரிதான், எரியத்தான் செய்யுது.

மீன், இறால், கறின்னு வீட்டுல வாட்டிச் சாப்பிடறவங்க சேர்ந்து ஃபோன்ல ஒரு குரூப் வெச்சிருக்காங்க. ஆளாளுக்கு சமைச்சதை ஃபோட்டோ எடுத்துப் போடுவாங்க. அதுல ஒரு ரூல் உண்டு. ஃபோட்டோவுக்குக் கீழேயே எங்கே வாங்கினது, யார் வாங்கினதுன்னு எழுதணும். நல்ல ரூல்தான், எங்கே எது நல்லா கிடைக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியும். மாமா மட்டும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரே வரியை எழுதுவாரு: 'நானே படகடியில் நின்று பொறுக்கியது.'

மீன் மார்க்கெட்டுக்கு எந்த பஸ் போகும்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க, திருதிருன்னு முழிப்பாரு. விடியறதுக்கு முன்னாடி கூடையைத் தூக்கிட்டு ஓடறது எங்க அக்கா. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயித்தை விரலால அழுத்திப் பார்த்து, மீன்காரம்மாவோட மல்லுக்கட்டி வாங்கிட்டு வர்றது அக்கா. கழுவி, கீறி, மிளகும் பூண்டும் அரைச்சுத் தடவி, கேஸ் அடுப்புல வாட்டி எடுக்கிறதும் அவதான். அதுக்கப்புறம்தான் மன்னர் எழுந்து வருவாரு. ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வெந்த மீன் மேல கோடு கோடா சூடு போடுவாரு. கரி அடுப்புல வாட்டினா கம்பித் தடம் விழுமே, அதுக்காக. மேல ரெண்டு எலுமிச்சைத் துண்டு, உடனே ஃபோட்டோ. பால்கனியில அவர் வாங்கிப் போட்ட கிரில் அடுப்புல ஒரு நாளும் கரி விழுந்ததில்லை. அக்கா அதுல துணி கிளிப் போட்டு வெச்சிருந்தா.

அக்கா அந்தக் குரூப்ல இல்லை. சேரட்டுமான்னு ஒரு தடவை கேட்டிருக்கா. வீட்டுக்கு ஒருத்தர் போதும்னுட்டாரு.

குரூப்பை நடத்தறது ஒரு பேக்கரிக்காரம்மா. மாவும் கையுமா நின்னே ரெண்டு கடை போட்ட பொம்பளை. போன மழைக்கு அப்புறம் அந்தம்மா ஒரு சேதி போட்டாங்க. பேக்கரிக்குப் பின்னாடி இருக்கிற முற்றத்துல சாயங்காலக் கடை ஒண்ணு திறக்கப் போறேன், மீன் வாட்டறதுக்கு அடுப்படியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும், நம்ம குரூப்ல இருந்தே எடுத்துக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் குடும்பத்தோட வாங்க, அவங்கவங்க மீனை அவங்கவங்களே வாங்கி வந்து எல்லார் முன்னாடியும் வாட்டுங்க. இதுதான் சேதி.

அன்னிக்கு மத்தியானம், மாமா ஃபோன்ல அதைப் படிச்சுட்டு அக்கா என் கடைக்கு வந்தா. மிஷினுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம், "எனக்கு அந்த வேலை வேணும்டி"ன்னா. எங்க அக்கா எதையும் வேணும்னு கேட்டு நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் சமைச்சிருக்கேன், நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொல்லி என் காதுல விழலை, அங்கே நின்னா சாப்பிடறவங்க முகமாவது தெரியும்ல, அப்படின்னா.

மாமாகிட்ட சொல்லியிருக்கா. அவர் சிரிச்சாராம். புகையில நின்னா உனக்கு இருமல் வரும், வேலையை நான் வாங்கிக்கறேன், நீ பின்னாடி இருந்து கழுவிக் கொடுன்னாராம். அப்பவே நானா இருந்தா மீன் கூடையை அவர் தலையில கவுத்திருப்பேன். அக்கா ஞாயித்துக்கிழமை காலையில, ரூல் ரூல்தான், நீங்களே போய் வாங்கிட்டு வாங்கன்னு பஸ் நம்பரைச் சொல்லி அனுப்பிட்டா.

போனவர் வெயில் ஏறினதுக்கு அப்புறம் வந்தாரு. நான் அப்ப மேலதான் இருந்தேன். பையைத் திறந்தா, தோல் முள்ளு எல்லாம் எடுத்த வெள்ளை வெளேர்னு துண்டங்கள். சுத்தமா இருக்கட்டும்னு உரிக்கச் சொன்னேன்னு பெருமை வேற. தோல் இல்லாத மீனைக் கம்பி மேல போட்டா பொலபொலன்னு உதிர்ந்திடும், எனக்கே தெரியும். அதோட விட்டாரா? ஒரு பை எலுமிச்சம்பழத்தையும் பிழிஞ்சு அதுல ஊத்தினாரு. இத்தனை நாளும் ஃபோட்டோவுல அவர் கையால வெச்சது எலுமிச்சை ஒண்ணுதானே, சமையலே அதுதான்னு நினைச்சுட்டாரு போல. அந்தப் புளிப்புல ரொம்ப நேரம் ஊறினா மீன் அடுப்பைப் பார்க்கறதுக்கு முன்னாடியே வெளுத்துக் குழைஞ்சு போயிடும்.

நான் அக்காவைக் கிள்ளினேன். அவ பாத்திரத்தைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. ஒரு மூடியை எடுத்து நல்லா இறுக்கி மூடி அவர் கையில கொடுத்தா. "பத்திரமா எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான் சொன்னா.

சாயங்காலம் பேக்கரி முற்றத்துல நல்ல கூட்டம். பல் டாக்டர் ஒருத்தர் கணவாய் வாட்டினாரு, ரப்பர் மாதிரி இருந்துச்சு. மாமா முறை வந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு, படகு, கடல் காத்துன்னு கதை விட ஆரம்பிச்சாரு. துண்டங்களைக் கம்பி மேல அடுக்கினாரு. ரெண்டு நிமிஷம் கூட ஆகலை, திருப்பறேன்னு கரண்டியை விட்டாரு. பாதி கம்பியில ஒட்டிக்கிச்சு, பாதி கரியில விழுந்து புஸ்ஸுன்னு புகைஞ்சுது. சுத்தி இருந்தவங்க சிரிப்பை அடக்கிக்கிட்டு வேற எங்கேயோ பார்த்தாங்க. அவர் வழக்கம்போல, ஏய் இங்கே வான்னு அக்காவைக் கூப்பிட்டாரு. அக்கா தட்டை மடியில வெச்சுக்கிட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்தே இருந்தா.

பேக்கரியம்மா கிட்டே வந்து, எலுமிச்சையை எப்போ சேர்த்தீங்கன்னு கேட்டாங்க. மாமா கொஞ்சம் கூட கூசாம அக்காவைக் கை காட்டினாரு. "நான் எங்கே சேர்த்தேன்? இவதான் கலந்து வெச்சா. எத்தனை சொன்னாலும் மண்டையில ஏறாது."

இப்படியும் ஒரு மனுஷன். நான் எழுந்துட்டேன், வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள அக்காவே எழுந்துட்டா. குரல் நடுங்கிச்சு, ஆனா நிறுத்தலை.

"நான் கலந்திருந்தா எலுமிச்சையைக் கடைசியிலதான் விட்டிருப்பேன். தோலை உரிச்சிருக்க மாட்டேன். நீங்க எல்லாரும் ஃபோட்டோவுல பார்த்த மீன் அத்தனையும் நான் வாங்கினது, நான் சமைச்சது. அந்தக் கோடு மட்டும்தான் அவர் போட்டது, கம்பியைக் காய்ச்சி."

பேக்கரியம்மா உள்ளே போய் ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு முழு மீனைக் கொண்டு வந்து அக்கா கையில கொடுத்தாங்க. அக்கா அதைத் துணியால ஈரம் போக ஒத்தி எடுத்தா. கம்பியைச் சுரண்டி, பாதி வெங்காயத்தை எண்ணெயில தோய்ச்சுத் தேய்ச்சா. மீனைப் போட்டுட்டு கையைக் கட்டிக்கிட்டு நின்னா. பின்னாடியிருந்து மாமா, கருகுது கருகுது, திருப்புன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு. அவ திரும்பிக்கூடப் பார்க்கலை. நேரம் வந்ததும் மீன் தானா கம்பியை விட்டுச்சு, ஒரே திருப்பு. தோல் மொறுமொறுன்னு, கோடு தானா விழுந்திருந்துச்சு. பல் டாக்டர் கையாலயே பிச்சுத் தின்னுட்டு, நல்லா இருக்கும்மான்னாரு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு புகைன்னா. நாளைக்கே வந்துடுன்னு பேக்கரியம்மா சொன்னாங்க.

இத்தோட வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? மறுநாள் காலையில மாமா குரூப்ல அக்கா வாட்டின மீனோட ஃபோட்டோவைப் போட்டாரு. 'என் பயிற்சியில் உருவானவர்'னு தலைப்பு. கீழே பழக்கதோஷம், அதே வரி: 'நானே படகடியில் நின்று பொறுக்கியது.' அடுத்த நிமிஷம் பேக்கரியம்மா பதில் போட்டாங்க: 'அது என் ஐஸ்பெட்டியில் இருந்த மீன்.' நான் மிஷினை நிறுத்திட்டு சிரிச்ச சிரிப்புல கைக்குட்டையே நனைஞ்சு போச்சு.

இப்ப அக்கா கடைக்காக மார்க்கெட்டுக்குப் போறா. கூடையும் புதுசு. போன ஞாயித்துக்கிழமை விடியற நேரத்துல அவ கிளம்பும்போது, மாமா போர்வைக்குள்ள இருந்தே, எனக்கு என்ன மீன் வாங்கிட்டு வருவேன்னு கேட்டிருக்காரு.

"எனக்கென்ன தெரியும்? படகடியில நின்னு பொறுக்கறவர் நீங்கதானே"ன்னுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு இறங்கி வந்துட்டா.