மச்சாளுக்கு எதிராக ஒரு வாக்கு

தொண்ணூற்று நான்கில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே சேரலாமா என்று எங்களிடம் வாக்குக் கேட்டார்கள். தொழில் பெருகும், சந்தை விரியும் என்று நாங்கள் குடியிருந்த பியோர்ண்டாலில் கண்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு என் கணவர் ‘ஆம்’ போட்டார். நான் ‘இல்லை’ போட்டேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் கூட வேலை செய்த நோர்வேப் பெண்கள் ஏன் என்று கேட்டார்கள். “உங்கள் கடல் உங்கள் மீனவர்களுக்கே இருக்கட்டும் என்றுதான்” என்றேன். ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மீனாவது மண்ணாவது! பாரிசில் கணவரின் அக்கா இருந்தார். கதவு திறந்தால் விசா இல்லாமல் வந்து என் சோபாவில் குடியேறிவிடுவார். ‘இல்லை’ வென்ற அன்று கேசரி கிண்டினேன்.

என் சந்தோஷம் நிலைக்கவில்லை. இரண்டாயிரத்தொன்றில் இந்த நாடு, ஒன்றியத்தில் சேராமலே எல்லைச் சோதனையை மட்டும் எடுத்துவிட்டது. அதற்கு யாரும் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை. அந்தக் கோடையே மச்சாள் பெட்டிகளுடன் வந்து இறங்கினார். பிறகு ஒவ்வொரு கோடையும் வந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சாளுக்கு அது மூன்று கிழமை. என் குழம்பில் புளி கூட என்பார், என் அலுமாரியை அடுக்குவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவர் மனம் நோகாமல் அனுப்பிவைக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

இரண்டாயிரத்தைந்தில், பள்ளி தொடங்கிய கிழமை, மகள் சோபாவுக்கு முன்னால் வந்து நின்றாள். சோபாவில் மச்சாள் இருந்தார்.

“அம்மா, பள்ளிக்கூடத்திலை லெக்ஸ தந்திருக்கினம், வீட்டிலை செய்துகொண்டு போகவேணும். வோட் போட்ட ஆக்களிட்டை காரணம் கேக்கவேணும். நீங்கள் ஏன் ‘இல்லை’ போட்டனீங்கள்?”

“மீனவருக்காக.”

“பொய். மாமி வரக்கூடாதெண்டு போட்டனீங்களாம். அப்பா சொன்னவர்.”

குசினியில் கணவரின் கரண்டி விழுந்தது. மச்சாள் என்னையே பார்த்தார்.

“மெய்யே?”

ஓம் என்று தலையாட்டினேன்.

மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

“இந்த வைகாசியிலை பிரான்சிலையும் ஐரோப்பா முழுக்க ஒரே அரசியல் சட்டம் வேணுமோ எண்டு ஒரு வாக்கெடுப்பு வைச்சவங்கள். நானும் ‘வேண்டாம்’ எண்டுதான் போட்டனான். என்ரை மனுசன்ரை தங்கச்சி லண்டனிலையெல்லே இருக்கிறா! இதுவும் சரிவந்தால் பாஸ்போட்டும் காட்டாமல் வந்து நிண்டிடுவா.”

எனக்கும் சிரிப்பு வெடித்தது. அத்தனை கோடையிலும் அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது.

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

“மனம் ஒத்த ஆளை இப்பதான் கண்டிருக்கிறன். தம்பியிட்டை என்ரை டிக்கெட்டை மாத்தச் சொல்லு. இன்னும் ரெண்டு கிழமை நிண்டிட்டுத்தான் போவன்.”